நகராதே

ஏப்ரல் 12, ஞாயிறு

மழை நின்றதென்று தார்ப்பாயைச் சுருட்டினோம். சுருட்டி முடிப்பதற்குள் மறுபடி தூறல். ஆர்கன்சா வானத்தை நம்பி பேஸ்பால் மைதானம் போட்டவனை என்ன சொல்ல? ஆனாலும் ஆட்டம் நடந்தது, ஜெயித்தோம்.

கடைசிச் சுற்று, ஓட்டங்கள் சமம், மூன்று தளத்திலும் எங்கள் பையன்கள். மட்டையோடு டெவ்ரி. பந்து நேராக விலாவுக்கு வந்தது. பயல் அசையவில்லையே! வாங்கிக்கொண்டான். பந்து உடம்பில் பட்டால் முதல் தளம் இலவசம். எல்லோரும் ஒரு தளம் நகர்ந்தார்கள், மூன்றாம் தளத்துப் பையன் 'வீடு' என்கிற கடைசித் தளத்துக்கு வந்து ஜெயிக்கிற ஓட்டத்தைச் சேர்த்தான். பெஞ்சே எழுந்து கூத்தாடியது.

உடை மாற்றும் அறைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் நான்தான் எழுதி வைத்திருக்கிறேன்: நகராதே. இந்தக் கல்லூரிக்குப் பயிற்சியாளராக வந்த வருடம் எழுதியது. பையன்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் மைதானத்துக்கு இறங்குவார்கள்.

"வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சா வலிக்காது கோச்."

இந்த சீசனில் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்க இவனைப்போல ஒரு ஷார்ட்ஸ்டாப் எங்கள் வட்டாரத்தில் இல்லை. பெற்றவள் லோரெட்டாகூட இவ்வளவு பெருமைப்பட்டிருப்பாளா, தெரியாது.

ஏப்ரல் 18, சனி

டெவ்ரிக்கு முகத்தில் அடி. டெல்வின் கல்லூரிக்காரன் ரூஷ் போட்ட பந்து. இடது கண் — எழுத முடியவில்லை.

ஏப்ரல் 19

கன்ன எலும்பு உடைந்திருக்கிறது. கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னது: "வெளிச்சம் தெரியும். அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

லோரெட்டா கோழி ஆலையிலிருந்து வேலை உடுப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியம் ரூஷ் வந்தான், தன் பயிற்சியாளர் மெர்லோடு. ஒட்டடைக்கம்பு உயரம், முகமெல்லாம் செம்புள்ளி, தொப்பி கையில். நடைபாதையிலேயே மறித்தேன்.

"அவனை ஒரு தடவை பாக்கணும் சார்."

"போயிடு. இங்க உனக்கு வேலை இல்ல."

உதடு துடித்தது. துடிக்கட்டுமே. அவனுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது.

ஏப்ரல் 27

வேண்டுமென்றே போட்டான் என்று ஊரில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் மூடச் சொல்லவில்லை. கேட்கக் கேட்க உள்ளுக்குள் இதமாக இருந்தது என்பதே உண்மை.

மே 5

வாக்குச் சீட்டு வந்துவிட்டது. ஒவ்வொரு இடத்துக்கும் சீசனின் சிறந்த ஆட்டக்காரனை வட்டாரத்தின் ஒன்பது பயிற்சியாளர்களும் எழுதி அனுப்ப வேண்டும். சொந்தப் பையன் பெயரை எழுதக்கூடாது என்பது விதி. டெவ்ரியின் பெயரை மற்றவர்கள்தான் எழுத வேண்டும்.

பந்து வீசுபவர் என்ற இடத்தில் ரூஷைத் தவிர இன்னொரு பெயர் இல்லை. அது எனக்கே தெரியும்.

"யாருக்குப் போடப் போற?" என்றாள் என் மனைவி நடீன்.

"காலியா விடப் போறேன்."

"விட்டா அந்தப் புள்ளைக்குக் கண்ணு வந்துடுமா?"

"என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு டெல்வின்காரனுக்கு வக்காலத்தா?"

"சமைச்சது நான்," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள்.

மே 7

மெர்ல் கூப்பிட்டான். "ராய்ஸ், ஷார்ட்ஸ்டாப்புக்கு உன் பையன் பேரை எழுதிட்டேன். சீசனை முடிக்கலையேன்னு ரெண்டு பேர் முனகுறாங்க. முனகட்டும்."

என் சீட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், ரூஷ் எப்படி இருக்கிறான் என்று. ஏன் கேட்டேன்?

"அடிக்கிறவன் உடம்பை ஒட்டி உள்பக்கம் போடவே மாட்டேங்கிறான். எல்லாப் பந்தும் வெளியவே போகுது. கண்டவனும் அடிக்கிறான்."

மே 9, சனி

டெவ்ரி வீட்டுக்குப் போனேன். கண்ணில் கட்டு. லோரெட்டா கெளுத்தி மீன் பொரித்திருந்தாள். அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, ரூஷ் பெயரை எழுத மாட்டேன் என்று சொன்னேன். "உனக்காகத்தான்டா."

சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"அந்தப் பந்தை நான் பாத்தேன் கோச். கையை விட்டப்பவே தெரிஞ்சுது, தப்பி உள்ள வருதுன்னு. அவன் முகத்தையும் பாத்தேன். நான் நகந்திருக்கலாம்."

"ஏன்டா நகரல?"

என்ன கேள்வி அது! யார் கேட்கிற கேள்வி! அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். லோரெட்டாதான் பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"உங்க சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் தெரியும் கோச்."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவனையல்லவா சுட்டிருக்கிறது. ரூஷ்மேல் இத்தனை நாள் கோபப்பட்டேனே, எதைப் பார்க்காமலிருக்க?

மே 10

பந்து வீசுபவர்: கோல்ட்டன் ரூஷ், டெல்வின். அனுப்பிவிட்டேன்.

பிறகு வெள்ளைப் பெயின்ட் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன். ஒரு பூச்சில் அந்தச் சிவப்பு மறையவில்லை.

மே 13

லிட்டில் ராக்கில் விருது விருந்து. ரூஷ் பெயரை அழைத்ததும் எங்கள் மேஜைகளில் ஒரு கையும் தட்டவில்லை. நான் எழுந்து நின்று தட்டினேன். பையன்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ரூஷ் தலையே நிமிரவில்லை.

அடுத்து ஷார்ட்ஸ்டாப். டெவ்ரி மேடை ஏறினான். கேடயத்துக்குக் கை நீட்டினான். கை எட்டாமல் பாதியிலேயே மூடிக்கொண்டது. வெறுங்கை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை.

மேடையிலேயே நின்றிருந்த ரூஷ் ஒரு எட்டு முன்னால் வந்தான். டெவ்ரியின் மணிக்கட்டைப் பிடித்துக் கேடயத்தில் கொண்டு வைத்தான். டெவ்ரி அவனிடம் ஏதோ சொன்னான்.

காரில் வரும்போது கேட்டேன், என்னடா சொன்னாய் என்று.

"'அடுத்த வருஷமாவது உள்பக்கம் போடுடா, பயந்தாங்கொள்ளி'ன்னேன்."

வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அழுதேன். அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான், பெரிய மனுஷன்போல.

செப்டம்பர் 8

இலையுதிர் காலப் பயிற்சி ஆரம்பம். டெவ்ரி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இனி அவனுக்கு ஆட்டம் இல்லை, டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். புதுப் பையன் ஒருவன் மட்டையோடு நின்றான். பந்து தோளுக்கு வந்தது. துள்ளி விலகினான், மண்ணில் விழுந்தான். நகரக்கூடாதென்று எந்தப் பள்ளியில் எவன் கற்றுக்கொடுத்தானோ, எழுந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"மன்னிச்சுடுங்க கோச். நகந்துட்டேன்."

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். டெவ்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பையனை இன்னொரு தடவை நகர்ந்து காட்டச் சொன்னேன், எல்லோரும் பார்க்க.