புள்ளி வைக்காத கணக்கு

இன்றைக்கு ஷிஃப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் என் கையில் புது பெயிண்ட் மார்க்கர் இரண்டு கொடுத்தார். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. "நாளையிலிருந்து செக்கிங் டேபிள் உங்களுக்குத்தாம்மா" என்றார். சும்மா மூடியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் மெஷினோ போல்ட்டோ ஞாபகத்துக்கு வரவில்லை. கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது சீட்டில், மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததுதான் வந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பத்தாவதில் கணக்கிலும் அறிவியலிலும் தோற்று, அதற்குப் பிறகு இருபது வருஷம் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் பேனா பிடித்தவள். மறுபடி பிடிக்க வைத்தவள் நீ. உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதில் கடைசிக் கணக்குக்கு மட்டும் இன்னும் நான் புள்ளி வைக்கவில்லை. நீ போய் ஆறு மாசம் ஆகிறது. இன்றைக்கு வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் இருவருக்கும் லைனில் எதிரெதிர் இடம். நான் டார்க் ரெஞ்சால் போல்ட்டை முடுக்குவேன். வைத்த அளவு வந்ததும் ரெஞ்ச் டிக் என்று சத்தம் போடும். நீ அதை இன்னொரு தரம் பார்த்து போல்ட்டின் தலையில் மஞ்சள் புள்ளி வைப்பாய். சரியில்லை என்றால் சிவப்புப் புள்ளி. அந்தப் பீஸ் சிவப்பு டப்பாவுக்குப் போகும். முடுக்கியவளே புள்ளி வைக்கக் கூடாது, அடுத்தவள்தான் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எட்டு மணி நேரம் இரண்டு பேரும் நின்றுகொண்டே செய்த வேலை அது.

லைன் முடியும் இடத்தில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல். செக்கிங் டேபிள். கம்பெனியில் பெண்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரே இடம். அங்கே இருந்த அம்மா வேலையை விட்டுப் போகப்போகிறார், பத்தாவது பாஸ் ஆனவர்கள் கேட்கலாம் என்று சொன்னபோது முதலில் கை தூக்கியவள் நீ. நான் உன்னைப் பார்த்துவிட்டுத் தூக்கினேன். உனக்கும் கணக்கும் அறிவியலும்தான் பாக்கி. தனித்தேர்வர் என்று இரண்டு பேரும் ஒரே நாளில் ஓசூரில் போய் விண்ணப்பம் கொடுத்தோம்.

வரும் வழியில் கேட்டேன். "ரெண்டு பேரும் பாஸாயிட்டா யாருடி உக்கார்றது? இருக்கிறது ஒரு ஸ்டூலு."

"காலைல நீ, மத்தியானம் நானு."

"சூப்பர்வைசர் ஒத்துக்குவாரா?"

"அவரு மடியிலயா உக்காரப் போறோம்? ஸ்டூல்லதான."

நீ மத்தூர்க்காரி. என்னைவிட ஆறு வயசு சின்னவள். வாயில் மட்டும் எனக்குப் பெரியவள்.

ஜூஜுவாடி நிறுத்தத்தில் நாம் ஏறி, கம்பெனி வாசலில் இறங்குவதற்குள் போக்குவரத்தைப் பொறுத்து முப்பது நிமிஷம், சில நாள் ஐம்பது. அதற்குள் மூன்று கணக்கு என்பது உன் கட்டளை. முதல் வாரத்திலேயே என் மானம் போனது. ஸ்பேனர் கணக்கு அது. முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரால் அறுபது நியூட்டன் விசை கொடுத்து ஒரு நட்டைத் திருகுகிறார்கள். நாற்பத்தைந்து நியூட்டன்தான் கொடுக்க முடியும் என்றால் ஸ்பேனர் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

சூத்திரம் எனக்கு ஏறவில்லை. நீ புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாய். "இறுகிப்போன நட்ட கழட்ட வரலன்னா நம்ம மெயின்டனன்ஸ் பசங்க இன்னா பண்றாங்க?"

"ஸ்பேனர் புடியில பைப்ப சொருகி நீட்டிக்குவாங்க."

"அதான்க்கா கணக்கு. பலம் எவ்ளோ கொறையுதோ அதுக்குத் தக்கபடி பைப்பு நீளணும்."

உடனே போட்டுவிட்டேன். அறுபதை முப்பதால் பெருக்கி நாற்பத்தைந்தால் வகுத்தால் நாற்பது. பெருமையாக நோட்டை நீட்டினேன். நீ பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"இன்னாக்கா இது, நாப்பதுக்குப் பக்கத்துல ப்ளஸ் மைனஸ் ரெண்டு?"

"ஒரு அளவுன்னா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்ல. ட்ராயிங்ல போடுறாங்கல்ல."

நான் விளையாட்டுக்குப் போடவில்லை. பதினொரு வருஷமாகக் கம்பெனி ட்ராயிங்கில் நான் பார்த்த எந்த எண்ணும் தனியாக நின்றதில்லை. இருபத்தைந்து என்றால் இருபத்து மூன்றிலிருந்து இருபத்தேழு வரை நல்ல பீஸ். கை தானாகப் போட்டுவிட்டது.

"இது ட்ராயிங் இல்லக்கா, கேள்வித்தாளு. திருத்துற டீச்சர் கேஜ் வச்சிப் பாக்க மாட்டாங்க. கணக்குக்கு ஒரே விடைதான். பக்கத்துல வந்தா வரலன்னுதான் அர்த்தம்."

பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு. அன்றிலிருந்து பஸ்ஸில் என் பெயர் ப்ளஸ் மைனஸ் அக்கா. இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். யார் வைத்த பெயர் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

நோட்டில் புள்ளி வைக்கிற வழக்கத்தையும் நீதான் கொண்டுவந்தாய். மை தீர்ந்துபோகிற மார்க்கர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். "ஏன்ரம்மா, ஹோம்வர்க்கா?" என்று சூப்பர்வைசர் தன் கன்னடத்தில் கிண்டல் செய்தாலும் கொடுத்துவிடுவார். நான் போட்ட கணக்குக்கு நீ புள்ளி வைக்க வேண்டும், நீ போட்டதற்கு நான். பின்பக்கத்து விடையைப் பார்த்து வைக்கக் கூடாது. வைக்கிறவள் அந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒத்துப்போனால் மஞ்சள். இல்லாவிட்டால் சிவப்பு, அதற்குக் கீழே சரியான விடை. என் நோட்டில் முதல் பத்துப் பக்கம் அம்மை போட்ட மாதிரி சிவப்பாக இருக்கும். ஒருநாள் உன் கணக்கு ஒன்று தப்பாக இருந்தும் நான் மஞ்சள் வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டாய்.

"பாவம் பாத்து வக்காதக்கா. அங்க யாரும் பாவம் பாக்க மாட்டாங்க."

அறிவியலுக்குச் செய்முறை வகுப்பு, சனிக்கிழமைகளில், அரசுப் பள்ளியில். மீட்டர் ஸ்கேலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் எடைக்கல்லும் மறுபக்கம் எடை தெரியாத ஒரு கல்லும் கட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை நூறு கிராம் எடைக்கல்லை நடுவிலிருந்து இருபது சென்டிமீட்டரில் நீ கட்டினாய். எடை தெரியாத கல்லை நகர்த்தி நகர்த்தி இருபத்தைந்தில் வைத்தபோது ஸ்கேல் அசையாமல் படுத்த மாதிரி நின்றது. "எம்பது கிராமு" என்று தராசு இல்லாமலே சொன்னாய். மேடம் எடை போட்டுப் பார்த்தார். எண்பதுதான். உன் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை உன் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

காலையில் பஸ்ஸுக்காக நின்றபோது நீ சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாய். கட்டைவிரலால் அழுத்தினாய். "பாருக்கா, அழுத்துனா குழி அப்பிடியே நிக்குது. மூஞ்சிகூட காலைல உப்புனாப்பல இருக்குது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடறனே."

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். "எட்டு மணி நேரம் நின்னா யாருக்குத்தான் வீங்காது? எனக்கும்தான் வீங்குது. எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு. இன்னைக்கு வகுப்ப விட்டா பரீட்சைக்கே உட மாட்டாங்க, வா."

நீ சேலையை இறக்கிவிட்டுச் சிரித்தாய். "சரி, நீயே மஞ்ச வச்சிட்ட. வா போலாம்."

என் காலை நான் அன்றைக்கு அழுத்திப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குழி உடனே எழும்பியிருக்கும். இரண்டும் ஒரே வீக்கம் இல்லை என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் இரண்டு மாசம் லைனில் நின்றாய். ஒருநாள் மார்க்கரைக் கையில் பிடித்தபடியே சரிந்தாய். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ரத்த டெஸ்ட் சீட்டைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் என்னம்மா பண்ணீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கேள்வி அவருக்கு இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் நீ நீயாகத்தான் இருந்தாய். ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாய். ஒவ்வொரு வரிக்கும் வலது பக்கத்தில் இதிலிருந்து இதுவரை என்று அச்சடித்திருந்தது.

"அக்கா, இவங்களும் ட்ராயிங் வச்சிருக்காங்க பாரு. பூஜ்யம் புள்ளி ஆறுலருந்து ஒண்ணு புள்ளி ஒண்ணு வரைக்கும் ஓகே. நான் ஒம்பது புள்ளி நாலு."

நான் சீட்டை வாங்கி மடித்தேன்.

"நேரா செவப்பு டப்பாதான்" என்றாய். பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் ப்ளாஸ்க்கைக் கழுவப் போகிறேன் என்று வெளியே போனேன்.

வாரத்துக்கு இரண்டு தரம் ரத்தம் சுத்தம் செய்தார்கள். நான் வார விடுமுறையில் வருவேன். வந்ததும் என் நோட்டை வாங்கிப் புள்ளி வைப்பாய். கோபுரம், ஏற்றக்கோணம் என்று வருகிற பாடம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. "அத உடு, மத்தத படி, பாஸாயிடலாம்" என்றாய். ஆனால் நீ அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாய். நான் கடைசியாக வந்த அன்றைக்கு உன் நோட்டை என்னிடம் கொடுத்தாய். ஊசி குத்திக் குத்திக் கறுத்த கையால் எழுதியது, எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "இத போட்டுப் பாத்துப் புள்ளி வையி" என்றாய்.

"எனக்குத்தான் இந்தப் பாடம் தெரியாதே."

"தெரிஞ்சிக்கிட்டு வையி. நான் எங்க ஓடப் போறன்."

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது போன் வந்தது.

தேர்வு அறையில் என் நம்பருக்கு அடுத்த நம்பர் உன்னுடையது. ஒன்றாக விண்ணப்பித்தோம் இல்லையா. காலி இடத்தில் நம்பர் மட்டும் ஒட்டியிருந்தது. "பக்கத்து நம்பர் லேட்டாம்மா?" என்று கேட்டார் சார். "வரமாட்டா சார்" என்றேன். வினாத்தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அறிவியலில் ஸ்பேனர் கணக்கு வந்தது, எண்கள் மட்டும் வேறு. விடையை எழுதினேன். பழக்கத்தில் பேனா ப்ளஸ் மைனஸ் போடப் பக்கத்தில் போனது. நிறுத்திக்கொண்டேன். கணக்கில் நாற்பத்தொன்று, அறிவியலில் ஐம்பத்திரண்டு. நீ எழுதியிருந்தால் உனக்குத்தான் அதிகம் வந்திருக்கும், ஸ்டூலும் உன்னுடையதாகியிருக்கும். காலையில் நீ, மத்தியானம் நான் என்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ரிசல்ட் வந்த பிறகுதான் அந்தப் பாடத்தை எடுத்தேன். பரீட்சைக்குத் தேவைப்படாத பாடம். போனில் ஒரு வாத்தியார் பாடம் எடுக்கிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. உன் விடையைப் பார்க்காமல் இருக்க அந்தப் பக்கத்தின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி வைத்திருந்தேன்.

இன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, டீ வைத்துக் குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் உட்கார்ந்து போட்டேன். கோபுரத்தின் அடியிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சி அறுபது டிகிரி ஏற்றக்கோணத்தில் தெரிகிறது. உயரம் என்ன? முப்பதை ரூட் மூன்றால் பெருக்க வேண்டும். ரூட் மூன்று என்பது 1.732 என்று கேள்வியிலேயே கொடுத்திருக்கிறார்கள். 51.96 வந்தது. காகிதத்தை எடுத்தேன். நீ 51 என்று போட்டிருந்தாய்.

என்னுடையதுதான் தப்பு என்று நினைத்து மூன்று தரம் போட்டேன். தப்பில்லை. நீ 1.732-க்குப் பதில் 1.7 எடுத்திருக்கிறாய். அவ்வளவு இலக்கத்தைப் பெருக்க அன்றைக்கு உனக்குத் தெம்பில்லை. படம் சரி, முறை சரி. வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. நம் லைனில் இது நல்ல பீஸ்.

மஞ்சள் மார்க்கரின் மூடியைத் திறந்து நோட்டின் மேல் கொண்டுபோனேன். ஹைவேயில் லாரிகள் அத்திப்பள்ளிப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. "நீயே மஞ்ச வச்சிட்ட. வா போலாம்" என்று நீ சொன்னது கேட்டது. மூடியைத் திரும்பப் போட்டேன்.

இப்போதெல்லாம் லைனில் யாராவது கால் வீங்குகிறது என்றால், நான் நின்ற இடத்திலிருந்து பதில் சொல்வதில்லை. குனிந்து, ஷூவைக் கழற்றச் சொல்லி, கட்டைவிரலால் அழுத்தி, குழி எழும்புகிறதா என்று பார்க்கிறேன். எழும்பாவிட்டால் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒன்றும் இல்லை. ஒருத்தி மாத்திரை சாப்பிடுகிறாள், வேலைக்கு வருகிறாள்.

உன் கடைசிக் கணக்குக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். நீ எனக்கு எழுதுகிற மாதிரியே, அதற்குக் கீழே சரியான விடையை எழுதினேன். 51.96 மீட்டர். பக்கத்தில் எதுவும் போடவில்லை.