வாயில்காவலனுக்கு விழுந்த மூன்று கறுப்புக் கொட்டைகள்

செகெட், அக்டோபர் 6

அன்புள்ள லோரான்ட்,

வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டாய், போனையும் எடுப்பதில்லை. வேறு வழியில்லாமல் தபால்தலை வாங்கி ஒட்டியிருக்கிறேன். பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டு மேசையில் பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடினோம்; நான் கதை நடத்த, நீங்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்க, இல்லாத ஒரு நாட்டில் நாலு பேரும் வாழ்ந்தோம். இப்போது உன் நாற்காலியில் பூனை உட்காருகிறது. அதற்கு விளையாடவும் தெரியவில்லை, இறங்கவும் மனமில்லை.

ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். கதையில் நீ ஆடும் வாயில்காவலன் ஓஸ்மார் அகதிக் கூட்டத்துக்குக் கோட்டைக் கதவைத் திறந்தான். பின்னாலேயே எதிரிப் படை புகுந்து நாற்பது பேரை வெட்டிப் போட்டது. அவனை விசாரித்தபோது, குற்றம் சாட்டப்பட்டவனை ஆடுகிறவர் மேசையில் இருக்கக் கூடாது என்ற நம் வழக்கப்படி நீ அடுக்களையில் பாத்திரம் கழுவப் போனாய். நானும் கிங்காவும் திஹமேரும் கோப்பையில் அவரைக்கொட்டை போட்டோம். வெள்ளை என்றால் நிரபராதி, கறுப்பு என்றால் குற்றவாளி. மூன்றும் கறுப்பு. ஏன் தெரியுமா? "எச்சரிக்கை மணி அடிச்சுது, அவன் காதுல விழுந்துது, தெரிஞ்சேதான் திறந்தான்" என்று கதை நடத்தும் நானே சாட்சி சொன்னேன்.

நேற்று என் நோட்டைப் புரட்டினேன். மணிக்காக நான் மறைத்து உருட்டிய பகடையில் இரண்டுதான் விழுந்திருக்கிறது. அவ்வளவு குறைவாக விழுந்தால் மணிக் கயிறு அறுந்துவிட்டது என்று கணக்கு. மணி அடிக்கவே இல்லை. முந்தைய வாரத்து மணியை இந்த வாரத்தில் சேர்த்துவிட்டேன். நீ மேசையில் இருந்திருந்தால் அங்கேயே என் வாயை அடைத்திருப்பாய். மன்னித்துவிடு.

உன் எமெஷே

*

கெச்கெமேட், அக்டோபர் 11

எமெஷே,

மணி அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அடித்ததாக வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னீர்கள் என்பதுதான் தெரியாது. குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஈரக் கையோடு வெளியே வந்தேன், மூன்று கறுப்பு. அடுத்த நிமிடமே கசகசா ரோல் கேக்கை வெட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். "ஏன்டா திறந்தான்?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

இப்போது நானே சொல்கிறேன். காட்டுக்கு அப்பால் விளக்குகள் தெரிவதாக நீ சொன்னாய் அல்லவா? ஓஸ்மார் பார்த்தான், படை என்று புரிந்துகொண்டான். ஆனால் கூட்டத்தில் அவன் தங்கை மகள் நின்றாள். திறந்துவிட்டான். மணி அடிக்காவிட்டாலும் அவன் குற்றவாளிதான். இதை உங்கள் முன்னால் சொல்லத்தான் காத்திருந்தேன்.

லோரான்ட்

பி.கு. பூனைக்கு வெண்ணெய் கொடுக்காதே, அதற்கு ஒத்துக்கொள்ளாது.

*

செகெட், அக்டோபர் 18

அன்புள்ள கோபக்காரனுக்கு,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை உரக்கப் படித்தேன்.

"அவனே ஒத்துக்கிட்டானா? தங்கச்சி மகளுக்காகத்தானே திறந்தான்! அப்போ என் கொட்டை வெள்ளை!" என்றாள் கிங்கா.

"ஏய், நாப்பது பேர் செத்திருக்காங்க!" என்று திஹமேர் கத்தினான்.

"உன் தங்கச்சி மகளா இருந்தா நீ என்னடா பண்ணுவ?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாது."

"அதான் இவ்வளவு சுலபமா தீர்ப்புச் சொல்ற!"

தேநீர் ஆறிப்போனது. கேட்காமல் விட்டது எங்கள் தப்பு, லோரான்ட். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனிமேல் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவன் மேசையிலேயே உட்காரலாம் என்று வழக்கத்தை மாற்றிவிட்டோம். பாத்திரம் நான் கழுவுகிறேன். வருவாயா?

எமெஷே

*

கெச்கெமேட், அக்டோபர் 23

அன்புள்ள எமெஷே,

என் ஓட்டுக் கொட்டை இந்த உறைக்குள் இருக்கிறது. கறுப்புதான். ஆனால் தண்டனையை நான்தான் சொல்வேன்: ஓஸ்மார் அதே கதவில், சாகும்வரை காவல் நிற்கட்டும். தங்கை மகள் சாப்பாடு கொண்டுவரட்டும்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி ரயில்.

உன் லோரான்ட்

*

செகெட், அக்டோபர் 27

அன்புள்ள லோரான்ட்,

கொட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. வழக்கம் எவ்வளவு மாறினாலும், உன் ஆளின் விசாரணையில் ஓட்டுப் போடும் உரிமை உனக்கு இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை சூப்புக்கு எடுத்துவைத்த அவரையோடு அதையும் போட்டுவிட்டேன். யார் தட்டில் வருகிறதோ அவர்தான் உன்னிடம் முதல் கேள்வி கேட்க வேண்டும்.

உன் நாற்காலியிலிருந்து பூனையை எழுப்பிவிட்டேன்.

எமெஷே