எங்களைப் பார்த்து நின்ற உருவம்

இந்தக் கராத்தே வீடியோவில் பயிற்றுநர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் வலக்கையைத் தூக்கினால், திரையிலும் அது என் வலக்கைப் பக்கமே இருக்கிறது. இவ்வளவுதான். இவ்வளவு எளிது.

பல்கலைக்கழகக் கணினி அறை. பிற்பகல். சூடேறிய பிளாஸ்ரிக் மணம். மூன்றாவது அசைவில் நிறுத்திவிட்டேன்.

அதே மணம்தான் வவுனியா நெற்கபேயிலும் இருந்தது. ஒரு கதிரையில் நீயும் நானும். கராத்தே மாஸ்ரர் யாழ்ப்பாணம் போனவர், சண்டையில் பாதை மூடியதால் திரும்பவில்லை. வகுப்பு நின்றது. மஞ்சள் பட்டிக்கான தேர்வு நிற்கவில்லை. அதற்கு ஒரு கட்டா வேண்டும்: அடியும் தடுப்புமாய் வரிசைப்படுத்திய இருபத்தொரு அசைவுகள். மாஸ்ரர் அதை எங்களுக்குத் தொடங்கியிருக்கவே இல்லை.

இணைப்பு வீடியோவைத் தாங்காது. ஓர் அசைபடம் மட்டும் வரும், அதுவும் துண்டு துண்டாக. நீல உருவம் ஒன்று. முகமில்லை. நீ பார்த்துச் சொல்வாய், நான் கொப்பியில் கீறுவேன்.

"நிப்பாட்டு. இப்ப கை எங்கை?"

"மேலை."

"கீறு."

அந்த உருவம் எங்களைப் பார்த்து நின்றது. அதன் இடக்கை எங்கள் வலப்பக்கத்தில். கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்து, அப்படியே கீறினேன். நீ ஒருமுறை கேட்டாய், "எடியே, அது எங்களைப் பாத்தெல்லே நிக்குது?" ஓம், அதுக்கென்ன என்றேன். உயர்தரத்தில் கணிதம் படித்தவள் நான். நீ நம்பினாய்.

பூவரசங்குளத்தில் உன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கிழமை பழகினோம். ஒன்பதாவது அசைவில் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். நீ கத்தினால் கோழிகள் சிதறி ஓடும். பிறகு, கடைசி நாலு அசைவுகள் விளங்கவில்லை என்று கொப்பியோடு மறுபடி நெற்கபேக்குப் போனோம்.

திரும்பி வரும்போது கொப்பி உன் பையில். உன் பையில் இடம் இருந்தது. வேறு காரணம் இல்லை.

சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி நடந்தோம். பஸ் அப்பால் போய் நின்றது. உன் பையைத் திறந்த சிப்பாய் கொப்பியை எடுத்தான். கழுத்தில் அடிக்கும் உருவங்கள். வயிற்றில் உதைக்கும் உருவங்கள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். அவசரமில்லை. பிறகு அந்தப் பக்கம் வந்தது. கால் எங்கெங்கே போக வேண்டும் என்று நான் கீறிய படம். மேலே ஒரு குறுக்குக் கோடு, கீழே ஒன்று, நடுவில் நீளமாக ஒன்று. எண்கள். அம்புக்குறிகள். அந்த மேசையில் கிடந்தபோது எனக்கே அது வீதியாகத் தெரிந்தது. இரண்டு சந்திகள், நடுவில் நாங்கள் நின்ற மன்னார் வீதி.

"இது மெப்," என்றான். வரைபடமா என்று அவன் கேட்கவில்லை.

கராத்தே என்றாய்.

"யார் கீறினது?"

நான் மண்மூட்டையைப் பார்த்தேன். முன்பு கோதுமை மா வந்த சாக்கு. பச்சை எழுத்து, பாதி அழிந்தது. எந்த எழுத்துகள் மிச்சம் என்று இன்றைக்கும் சொல்வேன். நீ என்னைப் பார்த்தாயா என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் சாக்கைப் பார்த்தேன்.

"நான்தான்," என்றாய்.

உன்னைத் தனியே நிற்க வைத்தார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, உதட்டை அசைக்காமல், "பிள்ளை, நீர் வந்து ஏறும்," என்றார். இரண்டு அடி வைத்தேன். அதையும் எழுத வேண்டும். இரண்டு அடி.

அதற்குள் நிழலிலிருந்து இன்னொருவன் வந்தான். வயதில் மூத்தவன். கொப்பியை நெடுநேரம் பார்த்தான்.

"நங்கி, செய்து காட்டு." தங்கச்சிக்குச் சிங்களத்தில் அப்படித்தான்.

நீ செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்தாய். துப்பட்டாவை இடுப்பில் கட்டினாய். தார் கொதித்த நேரம். மூன்று துவக்குகள். நான் மனதுக்குள் எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு. அடுத்தது கத்தும் இடம். கத்தாதே என்று வேண்டினேன். நீ வாயைத் திறந்தாய். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் முழுவதும் கத்தியது. சத்தம் மட்டும் வரவில்லை.

இருபத்தொன்றையும் முடித்து, குனிந்து வணங்கி நின்றாய்.

"எல்லாம் மாறி," என்றான் அவன். "முதல் இந்தப் பக்கம்." துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு இடப்பக்கம் திரும்பி, முன்கையால் ஒருமுறை தடுத்துக் காட்டினான். சுத்தமான தடுப்பு. கோடு கீறிய தாளை மட்டும் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கொப்பியைத் தந்தான்.

பஸ்ஸில் நீ உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். ஊர்த் திருப்பம் வந்ததும் சொன்னாய், "ஆமிக்காரனும் பாஸாக்கேல்லையடி. நான் அப்பவே கேட்டனானெல்லே, அது எங்களைப் பாத்து நிக்குதெண்டு." சிரித்தாய். நானும் சிரித்தேன். சாக்கைப் பற்றி நீ கேட்கவில்லை. அந்த இரண்டு அடிகளைக் கண்டிருந்தாய் என்றே நினைக்கிறேன்.

நீ எல்லாவற்றையும் மாற்றிப் பழகித் தேர்வுக்குப் போனாய். நீ கத்தியது வீதிவரை கேட்டதாம். நான் போகவில்லை. சாக்கையும் அந்த இரண்டு அடியையும் உன்னிடம் என்றைக்காவது சொல்லலாம் என்று வைத்திருந்தேன். போன மாரியில் டெங்கு வந்தது. நாலு நாள். எங்கள் பக்கம் தொலைபேசி வேலை செய்யவில்லை. எனக்குச் செய்தி எட்டியபோது உன்னை எரித்து மூன்று நாள் ஆகியிருந்தது.

நேற்று இங்கே கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். இங்குள்ள மாஸ்ரர் எல்லோரையும் அதே கட்டாவைச் செய்யச் சொன்னார். வரிசை முழுவதும் இடப்பக்கம் திரும்பியது. நான் வலப்பக்கம் திரும்பினேன். பக்கத்தில் நின்றவளின் முகம் என் முகத்துக்கு நேரே.

"ஆர் பிள்ளை உமக்கு இப்பிடிப் பழக்கினது?" மாஸ்ரர் ஏசவில்லை. சும்மா கேட்டார்.

உன் பெயர் வாய்வரை வந்தது. நீ மறுக்க மாட்டாய். அன்றைக்கும் மறுக்கவில்லை.

"நான்தான் பாத்துக் கீறினனான்," என்றேன். "சிநேகிதிக்கும் நான்தான் பிழையாப் பழக்கினனான்."

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், அவர் பாயைச் சுருட்டிக்கொண்டே, அந்தச் சிநேகிதி இப்போது எங்கே என்று கேட்டார். பாயின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். மண்மூட்டையிலிருந்து.