நீலக் குறி மேலே

ஜனவரி 4, ஞாயிறு

இந்த நோட்டை யாராவது புரட்டினால் என் கையெழுத்தை மன்னிக்கவும். கோடு போட்ட நோட்டுதான். என் எழுத்துகள்தான் கோட்டைக் கண்டதும் ஏறிக் குதிக்கின்றன. நாற்பது வருடம் சுவரில் போஸ்டர் ஒட்டியவன் நான், ஒன்றுகூடக் கோணியதில்லை. பேனாவைப் பிடித்தால் மட்டும் கை பிரஷ்ஷைப் போல இழுக்கிறது. வயது எழுபத்தொன்று. நூலக மாடியில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்புக்கு எட்டு மாதமாகப் போகிறேன். "உங்களுக்காக ரெண்டு வரி எழுதுங்க ஐயா, நான் பார்க்க மாட்டேன்" என்றார் டீச்சர்.

இரண்டு வரிக்கு மேல் ஆகிவிட்டது! ஒன்றரை மணி நேரம் பிடித்தது. என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, எறும்பு மையில விழுந்து எழுந்து போன மாதிரி இருக்கு."

இருக்கட்டும். என் எறும்பு.

ஜனவரி 9, வெள்ளி

இன்று படித்தவை: இருமல் மருந்து ("நன்றாகக் குலுக்கவும்". இத்தனை நாள் குலுக்காமலே குடித்திருக்கிறேன்), பேருந்தின் முதுகு, எதிர்வீட்டுக் கதவில் "நாய் ஜாக்கிரதை". அந்த வீட்டில் நாயே கிடையாது. பொய்யையும் எழுதி மாட்டலாம் போலிருக்கிறது.

படிக்கத் தெரியாமல் எப்படி நேராக ஒட்டினீர்கள் என்று டீச்சர் கேட்டார். தொழில் ரகசியம். அச்சகக்காரர் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் நீலப் பென்சிலால் ஒரு குறி போட்டுத் தருவார். நீலக் குறி மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் படிக்கத் தெரியாதென்பது அச்சகக்காரருக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும். டீக்கடையில் நானும் பேப்பரை விரித்து வைத்துக்கொள்வேன். பக்கத்து ஆள் சிரித்தால் சிரிப்பேன்.

ஜனவரி 17, சனி

தெருமுனைக் கிடங்குச் சுவரை இடிக்கப் போகிறார்கள். என் சுவர் அது. மழையில் ஊறி அடுக்கடுக்காக உரிந்து தொங்குகிறது. கடைசியாக ஒருமுறை என் வேலையை நானே படித்துவிடலாமென்று காலையில் போனேன். சோப்பு. தேர்தல். சர்க்கஸ் — சிங்கம் மூன்று, கோமாளி ஆறு. உரிக்க உரிக்க வந்தது. சத்தம் போட்டுப் படித்தேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் தாள். படமில்லை. மூலையில் நீலக் குறி.

எழுத்துக் கூட்டிப் படித்ததை அப்படியே எழுதுகிறேன்: "இத்தெருவில் கீழ்க்கண்ட வீட்டார் மூன்று நாட்களுக்குள் வெளியேற வேண்டும். தவறினால் நடப்பவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல." கீழே பதினோரு வீட்டு எண்கள். ஏழாவது, எண் 23. கடிகாரம் பழுது பார்ப்பவன் வீடு. என் சிநேகிதன்.

இன்று இவ்வளவு போதும்.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். இன்று எழுதுவேன்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அச்சகக்காரர் முப்பது தாள் கொடுத்தார். என்ன நோட்டீஸ் என்று கேட்டேன். "தடுப்பூசி முகாம்பா, சீக்கிரம் ஒட்டு." ஒட்டினேன். கிடங்குச் சுவர், பள்ளிச் சுவர், தண்ணீர்க் குழாய்ப் பக்கம். ஒன்றைக் கடிகாரக்காரன் கடைக் கதவிலேயே ஒட்டினேன். அவன் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியோடு வெளியே வந்தான். "படிச்சுப் பாருடா, எல்லாருக்கும் நல்ல சேதிதான்" என்று சிரித்தேன். சொன்னேனே! வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? அவன் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உள்ளே போய்விட்டான். மறுநாள் வீடு காலி.

நாலாம் நாள் பதினோரு வீடும் எரிந்தன. அந்த வீட்டாரெல்லாம் அக்கரைச் சனத்தைச் சேர்ந்தவர்கள். அப்புறம் அக்கரை ஆட்கள் எங்கள் ஆட்களின் தெருவை எரித்தார்கள். அப்புறம் ஒன்பது வருடச் சண்டை. என் தம்பி அதில் போனான். ஆற்றுப் பாலம் இன்னும் பாதியில் நிற்கிறது. அக்கரையில் பெண் எடுக்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம்.

இத்தனை வருடமும் அவன்மேல் எனக்குக் கோபம். சொல்லாமல் போய்விட்டானே என்று.

இன்னொன்று. அந்த நாட்களில் தண்ணீர்க் குழாயில் எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். முப்பத்து மூன்று வயதுக்காரனுக்கு என்ன மரியாதை? பயந்திருக்கிறார்கள். தெரிந்தே ஒட்டினேன் என்று. அதனால்தான் அந்தத் தாளைப் பற்றி ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

மனைவி ஐந்தாவது வரை படித்தவள். "அந்தத் தாளை அன்னிக்கே படிச்சியா?" என்றேன். துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"படிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஓடிப்போய்க் கிழிப்பீங்க. நம்ம தெரு எலக்ட்ரீஷியனை முச்சந்தியில வெச்சு என்ன பண்ணினாங்கன்னு பார்த்தீங்கல்ல? அந்தத் தாளைக் கிழிச்சதுக்குத்தான் அது, உங்களுக்குத் தெரியாது. எனக்குப் புருஷன் உசுரோட வேணும். இப்பவும் அதையேதான் செய்வேன்."

கோபப்பட முயன்றேன். வரவில்லை. அவள் முப்பத்தெட்டு வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

ஜனவரி 23, வெள்ளி

சண்டைக் காலத்தில் நடந்ததைப் பதிவு செய்யும் அலுவலகம் ஒன்று ஊரில் இருக்கிறது. கடைசி நாள் முப்பது. போனேன். "நீங்க சொல்லுங்க பெரியவரே, நான் எழுதிக்கறேன். கைநாட்டு வெச்சா போதும்" என்றார் குமாஸ்தா.

"கைநாட்டு வெச்ச காலம் போச்சு தம்பி. தாளைக் குடுங்க."

சாயங்காலமே அச்சகக்காரரின் மகன் வந்துவிட்டான். அச்சகம் இப்போது அவனுடையது. யார் அவன் காதில் போட்டார்களோ. "அப்பா நல்ல பேரோட போய்ச் சேர்ந்துட்டாரு. பழசக் கிளறினா உங்க பேரும்தானே நாறும்?"

"நாறட்டும்டா. நாற்பது வருஷம் பசை வாளியில கை விட்டவனுக்கு நாத்தம் புதுசா?"

ஜனவரி 26, திங்கள்

ஒரு பக்கம் முடிந்தது. பேனாவும் முடிந்தது.

ஜனவரி 29, வியாழன்

படிவத்தில் ஒரு கேள்வி: "சண்டை மூண்டதற்குக் காரணம் என்ன என்று கருதுகிறீர்கள்?" அதற்கு இரண்டே வரி இடம். நிலம், வேலை, பாஷை, பழைய பகை என்று டீச்சர் சொல்கிறார். இருக்கும். அவையெல்லாம் எனக்கும் முன்னாலிருந்தே இருந்தன. நான் எழுதியது: "மற்றதைப் படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் தெருவில் முப்பது தாளும் ஒரு வாளிப் பசையும். தாள் அச்சகத்திலிருந்து வந்தது. பசை என்னுடையது. எனக்குப் படிக்கத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டேன்."

மனைவி முழுவதையும் படித்தாள். இரண்டு இடத்தில் திருத்தினாள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"நான் படிச்சேன், சொல்லலன்னு கீழ எழுதறேன். நகருங்க."

ஜனவரி 30, வெள்ளி

கொடுத்துவிட்டோம். இருவரும் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது கொஞ்சம் பெரிது.

பிப்ரவரி 13, வெள்ளி

குமாஸ்தா கடிகாரக்காரனின் சம்மதம் கேட்டு முகவரி வாங்கித் தந்தார். வேறு ஊரில் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான்! நான் செய்ததையெல்லாம் எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். போட்டதும், திரும்ப எடுக்க முடியுமா என்று விரலை விட்டுப் பார்த்தேன். முடியாது. நல்லது.

பிப்ரவரி 27, வெள்ளி

பதில் இல்லை. கிடங்குச் சுவரை இன்று இடித்தார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

பதில் வந்து பத்து நாளாகிறது. எழுத்து ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. "நீ படிக்க வேண்டுமென்று பெரிதாக எழுதுகிறேன்" என்று ஆரம்பித்திருக்கிறான்.

"டீக்கடையில் ஒருநாள் நீ பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தாய். வேடிக்கை காட்டுகிறாய் என்று சிரித்தேன். அன்றே கேட்டிருக்கலாம். அம்மா போகிற வழியில் லாரியிலேயே இறந்துவிட்டாள். அதை எப்படி மன்னிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் தெரிந்தே சிரித்துக்கொண்டு ஒட்டினாய் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் இறக்கி வைத்துவிட்டேன். மற்ற பத்து வீட்டுக்கும் எழுதினாயா?"

மூன்று முறை படித்தேன். நாலாவது முறை மனைவி சத்தமாகப் படித்தாள், பாதியில் நிறுத்தினாள். மீதியை நான் படித்தேன்.

எழுதவில்லைடா. எழுதுகிறேன்.

மறுநாளே குமாஸ்தாவிடம் போய்ச் சொன்னேன். இதற்குள் ஆறு வீட்டாரைக் கண்டுபிடித்துச் சம்மதம் கேட்டுவிட்டார். மிச்சம் நாலைத் தேடுகிறார். ஒரு கடிதத்துக்கு எனக்கு ஐந்து நாள் ஆகிறது, ஆக வாரத்துக்கு ஒன்று. முதலில் எண் 4, இரட்டைப் பெண் குழந்தைகள் இருந்த வீடு. மனைவி தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள். முதல் வரியை இன்றே எழுதிவிட்டேன், கோட்டை விட்டு இறங்காமல்: "அந்தத் தாளை ஒட்டியவன் எழுதுகிறேன்."

மீதியை எழுதி முடித்து அடுத்த ஞாயிறு பெட்டியில் போட்டுவிட்டு, வந்து இங்கேயும் எழுதுகிறேன்.