பாத்திரத்துக்கு ஒரு ஒயின்

கோவா
நவம்பர் 6, 2024

அன்புள்ள மலருக்கு,

கர்த்தர் உன்னையும் சோபியாவையும் பத்திரமாக வைத்திருப்பாராக. நான் நல்லபடியாக வந்து சேர்ந்து வேலையிலும் சேர்ந்துவிட்டேன். ஓட்டல் பெரியது. ஆனால் நாங்கள் தங்கும் அறையில் ஆறு பேர். போனில் உன்னிடம் பாசமாக ஒரு வார்த்தை பேசினால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன் ஒரகடம் கம்பெனியிலிருந்து எழுதுவேனே, அதுபோல நினைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்கிறேன், சோபியாவுக்காக.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதே ஓட்டலில் இருந்துகொண்டு எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புள்ளலூர் எல்லப்பன் மூலமாகத் தெரிந்து நீ கோபப்படக் கூடாது. ஸ்டோர் வேலை என்று சொன்னேன் அல்லவா, அது அரிசி பருப்பு வைக்கிற ஸ்டோர் இல்லை. ஒயின் ஸ்டோர். குளிர்சாதனம் போட்ட ஒரு அறை, பாட்டில்களைப் படுக்க வைத்து அடுக்கியிருக்கிறது. அறைச் சாவி என் பொறுப்பு. பெட்டியை இறக்குவேன், அடுக்குவேன், கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். திறப்பது வேறு ஆள். இனி குடிக்க மாட்டேன் என்று நான் கோயிலில் கொடுத்த வாக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது மலர்.

கிறிஸ்துமஸ் சீசனுக்கு இங்கே கூட்டம் அள்ளுமாம். லீவு கிடைக்காது போலிருக்கிறது. சோபியாவுக்கு ஸ்கூல் ஷூ வாங்கினாயா? உடனே பதில் எழுது.

உன்
வசந்த்

*

காவாந்தண்டலம்
நவம்பர் 15, 2024

அன்புள்ள சோபியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் "இந்தக் காலத்துல கூட லெட்டரா" என்று கேட்டு என்னை வெட்கப்பட வைத்துவிட்டார். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒயின் ஸ்டோர் என்று படித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் அண்ணனிடம் காட்டினேன். சின்னராசு அண்ணன் சிரித்தார். "ஒயினுன்னா இன்னா, கோயில்ல குடுக்கறதுதான? அது சரக்கா? டாஸ்மாக்ல குந்த வெச்சாத்தான் பயப்படணும்" என்றார். நம் தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கும் சரி என்று பட்டது. திருவிருந்தில் வாங்குவதை யாராவது குடி என்று சொல்வார்களா? போனது போகட்டும், உங்கள் வைராக்கியத்தை நான் நம்புகிறேன். உங்கள் வயிற்றில் கட்டியிருந்த நீரை எடுத்தபோது டாக்டர் சொன்னதை மட்டும் மறக்காதீர்கள். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஈரல் தாங்காது என்றார்.

இன்னொரு சங்கதி. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் கோயிலுக்கு பிஷப் வருகிறார். கமிட்டியில் முனிரத்தினம் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "மலரு, பிஷப்புக்குப் போயி உலர் திராட்சத் தண்ணியவா குடுக்கறது? வசந்து அங்கதான கீறான், நல்ல ஒயினா ஒண்ணு பாத்துச் சொல்லச் சொல்லு" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நீங்கள் பீடத்தின் முன் முட்டி போட்டு வாக்குக் கொடுத்த பிறகுதான், திருவிருந்துப் பாத்திரம் உங்களைத் தாண்டிப் போகக் கூடாது என்று நம் சபை ஆயர் ஒயினை நிறுத்தினார். அன்றிலிருந்து உத்திரமேரூரில் திராட்சை வாங்கி வந்து ஊறவைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டிக் கொடுப்பது நான்தான். இந்த வருஷம்தான் நீங்கள் ஊரில் இல்லையே என்கிறார்கள். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள்.

ஷூ வாங்கிவிட்டேன். களை எடுக்கிற வேலை இருக்கிறது, மழைதான் விடமாட்டேன் என்கிறது.

உங்கள்
மலர்க்கொடி

*

கோவா
நவம்பர் 27, 2024

அன்புள்ள மலருக்கு,

முனிரத்தினம் அண்ணன் என்னைக் கேட்டாரா? இரண்டு தடவை படித்தேன். அந்தக் கமிட்டியில் என் பேச்சை யார் மதித்தார்கள் இதுவரை?

இங்கே இப்போது நான் வெறும் பெட்டி தூக்குகிற ஆள் இல்லை. சூப்பர்வைசர் என்னை மேஜைகளுக்கே அனுப்புகிறார். பண்டிகை விருந்துக்கு என்ன எடுக்கலாம் என்று பெரிய பெரிய குடும்பத்துக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். பன்றிக்கறி வறுவல் இருந்தால் துவர்ப்பு கூடின சிவப்பு. மீனும் இறாலும் என்றால் புளிப்புத் தட்டுகிற வெள்ளை. புதுவருஷத்துக்கு நுரை பொங்குகிறது. எல்லாம் பாட்டில் அட்டையில் எழுதியிருக்கிறது, அதைப் படித்துத்தான் சொல்கிறேன். சொன்னால் அப்படியே வாங்குகிறார்கள். "தேங்க்யூ மிஸ்டர் வசந்த்" என்கிறார்கள்.

கோயிலுக்கு இந்த ஊர் போர்ட் ஒயின் வேண்டாம். விலை மலிவு, ஆனால் வெறும் சர்க்கரைத் தித்திப்பு, அடுத்த நாள் தலை கனக்கும். நாசிக் பக்கத்துச் சிவப்பு ஒன்று இருக்கிறது. வாயில் பட்டதும் நாவல்பழம் தின்றதுபோல நாக்கு ஓரத்தில் பிடிக்கும். கொஞ்சம் பொறுத்தால் உள்ளே ஒரு தித்திப்பு தெரியும். விழுங்கின பிறகு தொண்டையில் ஒரு சூடு நின்று மெதுவாக நெஞ்சுக்கு இறங்கும். பிஷப்புக்கு அதுதான் சரி. எல்லப்பன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறான், ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன்.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை காத்திருக்க வேண்டாம் என்று சோபியாவிடம் சொல். அவளுக்கு ஷூ வாங்கினாயா?

உன்
வசந்த்

*

காவாந்தண்டலம்
டிசம்பர் 7, 2024

அன்புள்ள சோபியா அப்பாவுக்கு,

புயல் மழையில் நம் வீட்டுப் பின்சுவர் ஊறிப் போனதைத் தவிர இங்கே சேதம் இல்லை. சோபியா அரைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஷூ வாங்கியதைப் போன கடிதத்திலேயே எழுதினேன்.

உங்கள் கடிதத்தைக் கமிட்டியில் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். எல்லோரும் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். முனிரத்தினம் அண்ணன், "பயல் இன்னாமா எழுதறான் பாரு, குடிச்ச மாதிரியே கீதே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடியும் படித்துப் பார்த்தேன். அட்டையில் நாவல்பழம் என்று எழுதியிருக்கலாம். துவர்ப்பு என்றும் எழுதியிருக்கலாம். விழுங்கின பிறகு தொண்டையில் சூடு நிற்கும், நெஞ்சுக்கு இறங்கும் என்று எந்த அட்டையில் எழுதியிருக்கிறது? அடுத்த நாள் தலை கனக்கும் என்று விற்கிறவன் எழுதுவானா?

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. வாயில் வைத்தீர்களா, இல்லையா?

கோபப்படாதீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்கள் கண் மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்ததைப் பார்த்தவள் நான். சோபியா கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள், அங்கேதான் நீங்கள் முனகுவது குறைவாகக் கேட்கும் என்று. இன்னொரு தடவை எங்களால் முடியாது. யாருடைய போனிலிருந்தாவது ஒரு தடவை கூப்பிடுங்கள். என்ன பேசுகிறீர்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. குரலைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

சோபியா அம்மா

*

கோவா
டிசம்பர் 16, 2024

அன்புள்ள மலருக்கு,

உனக்கு என் மேல் நம்பிக்கை வரவே வராதா? போலீஸ்காரன் மாதிரி வரி வரியாகப் பிடித்திருக்கிறாய்.

சரி, சொல்கிறேன். வாயில் வைத்தேன். இது தொழில். ஒரு வாய் எடுத்து, சுழற்றிப் பார்த்து, துப்பிவிட வேண்டும். அதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கிறது. வாய் கொப்பளிப்பது குடியா? ருசி தெரியாமல் யாருக்கு எதை எடுத்துக் கொடுப்பது? அப்படியே ஒரு மடக்கு உள்ளே போனாலும் அது ஒயின்தான். கோயிலில் கொடுப்பதுதான். உன் அண்ணனே சொன்னார், நீயும் சரி என்றாய்.

உனக்கு ஒன்று தெரியுமா? அந்த உலர் திராட்சைத் தண்ணீர் ஒவ்வொரு மாதமும் என்னைக் கொன்றது. சபை முழுக்க அதைக் குடிப்பது எனக்காக. கிழவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பது எனக்காக. பாத்திரம் என்னிடம் வரும்போது எல்லாக் கண்ணும் என் மேல் இருக்கும். இங்கே யாருக்கும் நான் குடிகாரன் இல்லை. மிஸ்டர் வசந்த், எது நல்லது என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான் மலர். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கூப்பிட முடியாது, போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. எல்லப்பனிடம் பாட்டிலைக் கொடுத்திருக்கிறேன். நானே துண்டில் சுற்றிக் கட்டினேன். நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிக்கொள்கிறது, செருப்பு நுழைய மாட்டேன் என்கிறது. வேறு ஒன்றும் இல்லை. சோபியாவுக்கு ஷூ வாங்கிக் கொடு.

வசந்த்

*

காவாந்தண்டலம்
டிசம்பர் 26, 2024

அன்புள்ள சோபியா அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்தது. உங்கள் பாட்டில் திங்கட்கிழமை வந்தது.

துண்டை அவிழ்த்தது நான்தான், கமிட்டிக்கு முன்னால். மேல் தாள் கிழிந்திருந்தது. தக்கை கையால் திரும்ப அழுத்தி வைத்ததாக இருந்தது. கால் பாட்டிலுக்கு மேல் இல்லை. எல்லப்பன் வழியில் குடித்திருப்பான் என்று நினைக்க எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? ஆனால் அவன் தொடுவதில்லை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பிஷப்புக்கென்று கட்டியதைக்கூட உங்களால் விட முடியவில்லை.

முனிரத்தினம் அண்ணன் துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதியை வாய்க்காலில் ஊற்றிவிட்டு, வீட்டில் இருந்த உலர் திராட்சையை ஊறவைத்தேன். பிஷப் அதைத்தான் குடித்தார்.

ஆராதனை முடிந்து எல்லப்பனைத் தனியாகப் பிடித்தேன். முதலில் மழுப்பினான். பிறகு அழுதுவிட்டான். "இன்னா சொல்றது, அக்கா. கண்ணு மஞ்சளா கீது. வயிறு உப்பிக்கினு கீது. சாவி அண்ணன் கையில கீது, யாரு கேக்கறது? ரூமுக்குள்ள பூந்தா ரொம்ப நேரம் வர்றதில்ல. நான் சொன்னா, ஒயினுடா இதுன்னு என்னையே வையறாரு" என்றான்.

எனக்கு இப்போது கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது. கால் வீங்கினால் அடுத்து என்ன என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். புதுவருஷ ஆராதனை முடிந்ததும் நானும் அண்ணனும் கிளம்பி வருகிறோம். உங்களை அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். ஒரு வார்த்தை திட்ட மாட்டேன், சபையில் யாரையும் பேச விட மாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த அறைச் சாவியை இன்றைக்கே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். தபாலை நம்ப முடியாமல், எல்லப்பனையே இன்று கிளம்பச் சொல்லி இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுக்கிறேன்.

சோபியா உங்களுக்காகக் கேக்கில் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

உங்கள்
மலர்

*

கோவா
டிசம்பர் 31, 2024

அன்பு மலருக்கு,

எல்லப்பன் கடிதம் கொடுத்தான். அவன் முன்னாலேயே படித்தேன்.

நீ சொன்னபடி சாவியை சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். நீங்கள் வந்து அலைய வேண்டாம். இன்று ராத்திரி பார்ட்டி முடிந்தால் கணக்கு முடித்துவிடுவார்கள், நானே கிளம்பி வருகிறேன். ஊரில் எந்த வேலையாவது செய்கிறேன். வருகிற ஞாயிறு திருவிருந்துக்கு இருப்பேன். நீ காய்ச்சுகிற தண்ணீரையே குடிக்கிறேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

சோபியாவைக் கேக்கை எறும்பு வராமல் மூடி வைக்கச் சொல்.

உன்
வசந்த்

*

காவாந்தண்டலம்
ஜனவரி 8, 2025

அன்புள்ள சோபியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஒன்றுக்கும் நான் பதில் போடாமல் இருந்ததில்லை. அதனால் இதற்கும் எழுதுகிறேன்.

நானும் அண்ணனும் செங்கல்பட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோதுதான் எல்லப்பன் போன் செய்தான். முதல் தேதி காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தீர்களாம், மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸில் உங்களைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே அடக்கம் செய்தோம். முனிரத்தினம் அண்ணன்தான் குழிக்குள் இறங்கி உங்களை வாங்கினார். "நான்தான்மா அவன ஒயின் பாக்கச் சொன்னேன்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுகிறார். யாரை யார் தேற்றுவது?

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு நான்தான் திராட்சைத் தண்ணீர் காய்ச்சினேன். இனி ஒயினே வாங்கலாமா என்று ஆயர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம். பாத்திரம் கைக்கு வந்தபோதும் கோபம் போகவில்லை, அப்படியே குடித்தேன். கேக் இன்னும் டப்பாவில் இருக்கிறது. சோபியா தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறாள்.

உங்கள் பையைப் பிரிக்க மனசு வராமல் இருந்தேன். சோபியாதான் உங்கள் போனை எடுத்து சார்ஜ் போட்டாள். அது நன்றாக வேலை செய்கிறது. அதில் உங்கள் குரலை நான் கேட்டுவிடுவேன் என்று எவ்வளவு பயந்தீர்களோ.

நேற்று அந்தப் போனுக்கே ஓட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். துக்கம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து எடுத்தேன். ஒயின் அறைச் சாவி எங்கே என்று கேட்டார்கள். பையைக் கொட்டித் தேடினேன். எல்லப்பன் மடித்து வைத்திருந்த உங்கள் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. எல்லப்பன் மூலமாகக் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சாவியைக் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் இன்று காலையில்தான் வந்தது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நம்பியிருப்பேன்.

மலர்க்கொடி