தம்பியின் ஈசிஜி காகிதம்

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், விடிந்தால் அடைந்தால் அது ஒன்றுதான் நினைப்பு. இங்கே நாங்களும் நலம் என்று எழுதப் பேனா நகரவில்லை, இருக்கிறோம். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டு, உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

உன் தம்பி சின்னவனின் காரியம் முடிந்து நீ கிளம்பிப் போன பத்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை படுக்கையிலேயே போனதற்குப் பிரேதப் பரிசோதனையில் காரணம் எதுவும் அகப்படவில்லை, இதயத்தில் அடைப்பு இல்லை, ஓட்டை இல்லை, கோளாறு அதன் மின்சாரத்தில் இருக்கலாம், வீட்டில் எல்லோரும் ஈசிஜி எடுங்கள் என்றார் டாக்டர். இதயத்துக்கு ஏது மின்சாரம் என்று கேட்டேன். ஈசிஜி எடுக்கும் பெண், உன் வயதுதான் இருக்கும், என் டிரைவர் யூனிபார்மைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், மேல ஒரு சின்ன இடம் இருக்குங்க ஐயா, கண்டக்டர் விசில் குடுக்குற மாதிரி அதுதான் ஒவ்வொரு துடிப்பையும் கிளப்பி விடுது, அது மேல் அறைங்கள்ல ஓடி, நடுவுல ஒரு துளி நேரம் நின்னு, அப்புறம் கீழ் அறைங்களுக்கு இறங்குது என்று. காகிதத்தில் முதலில் வரும் சின்ன மேடு மேல் அறைகளுக்கு, ஊசி மாதிரி எழும்புவது கீழ் அறைகளுக்கு, கடைசி மேடு கீழ் அறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதற்கு. அந்தத் தயாராகும் நேரம் சிலருக்குப் பிறவியிலேயே நீளமாம். அவர்கள் திடுக்கிட்டால் தாளம் தவறி, இதயம் துடிப்பதற்குப் பதில் நடுங்க ஆரம்பித்துவிடும், ரத்தம் போகாது, சில நிமிடம்தான். போன் மணி, அலாரம், அதுவே போதுங்க என்றாள்.

அலாரம் என்றதும் அவன் போன காலைதான் நினைவுக்கு வந்தது. உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்று காலையில் அவன் அறையில் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. நான் சவரம் செய்துகொண்டே, அந்த எழவ நிறுத்துடா சோம்பேறி என்று கத்தினேன். என் வாயால் சொன்னேன் பெரியவளே. சவரத்தை முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்.

போன வருஷம் அவன் வேலை செய்த அச்சகத்தில் சைரன் ஊதியபோது மயங்கி விழுந்தான் அல்லவா, அப்போது தெருமுனைக் கிளினிக்கில் ஈசிஜி எடுத்து, துடிப்பு அறுபத்திரண்டு, நார்மல், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே என்று அனுப்பினார்கள். அந்தக் காகிதம் அலமாரியில் பழைய ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது, எடுத்துப் போய்க் காட்டினேன். அந்தப் பெண் ஊசி கிளம்பும் இடத்திலிருந்து கடைசி மேடு முடியும்வரை பென்சில் முனையால் கட்டம் கட்டமாக எண்ணினாள். பத்து பதினொன்றில் முடிய வேண்டியது பதின்மூன்றில் முடிந்தது. இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன், அதே பதின்மூன்று. ஒரு வருஷமாக நம் வீட்டிலேயே எழுதி இருந்திருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் பஸ்ஸை எடுக்கமாட்டேன் என்று டெப்போவில் மல்லுக்கு நின்றவன் நான், பெற்ற பிள்ளை விழுந்தபோது சாப்பிடாட்டி விழாம என்ன பண்ணுவான் என்று சிரித்தேன்.

அம்மாவின் காகிதம் சரியாக இருக்கிறது. என்னுடையதில் பன்னிரண்டரை. அவனுக்கு என்னிடமிருந்துதான் போயிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதாகியும் எனக்கு ஒரு தலைசுற்றல்கூட வந்ததில்லை, என்னை விட்டுவிட்டு அவனை எப்படி என்று டாக்டரைக் கேட்டேன், ஒரே கோளாறுதாங்க, சிலரைத் தொடாது, சிலரை விடாது என்றார். இப்போது ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, டெப்போவில் வண்டி வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் மூன்று நாள் மறைத்து, அவள் சின்னவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அழவில்லை. அப்போ பெரியவளுக்கு என்று மட்டும் கேட்டாள். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் தினமும் காலையில் டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தண்ணீரோடு மேசையில் வைத்து, நான் விழுங்கும்வரை கதவோரம் நிற்கிறாள்.

அம்மா கேட்டதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறார்கள். இந்த வாரமே இதய டாக்டரிடம் போ, குட்டியையும் கூட்டிப் போ, இதில் வைத்திருக்கும் தம்பி காகிதத்தின் நகலைக் காட்டு. நார்மல் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் எழுந்து வந்துவிடாதே, கடைசி மேடு முடியும்வரை அளந்து சொல்லச் சொல். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தபோது நீ ஒரு தடவை விழுந்ததையும் சொல்ல வேண்டும். சளிக்கு மாத்திரை வாங்கினாலும் இதைச் சொல்லிவிட்டு வாங்கு, சில மருந்து ஆகாதாம். அதுவரை தலைமாட்டில் அலாரம் வேண்டாம், மாப்பிள்ளை தோளைத் தொட்டு எழுப்பட்டும். பயப்படாதே, முன்னாலேயே தெரிந்துகொண்டால் காப்பாற்ற வழி இருக்கிறது.

நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். பெற்றவர்கள் முன்னால் போகும் வரிசை உன் வீட்டிலாவது மாறாமல் இருக்கட்டும். உன் ஈசிஜி காகிதமும் குட்டியுடையதும் கைக்கு வந்ததும் படம் பிடித்து அம்மா போனுக்கு அனுப்பு, எனக்கு அனுப்பாதே. அவளுக்குக் கட்டம் எண்ணத் தெரியாது, என்னிடம் கொண்டு வந்து கேட்பாள்.

உன் அப்பா