அவன் அடுக்கிவைத்த பைகள்

ஏப்ரல் 6

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் நாத்தனாரின் மகன் லாரி ஓட்டுகிற லைசென்ஸ் வாங்கிவிட்டான். அன்றைக்கு வந்த பையன்களில் இவன் ஒருவன்தான் பின்பக்கமாக வந்து கோட்டை மிதிக்காமல் நிறுத்தினானாம். அவன் தங்கை ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது. முதலில் வந்தவள் இவளைவிட ஒரு முழம் உயரமாம், அதனால் நான் இதை முதல் பரிசு என்றே கணக்கில் வைத்துக்கொண்டேன். நம் பெரியவன் கணக்கில் முழு மார்க் வாங்கியதைத் தபால்காரரிடம் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், கண் டாக்டரிடமும் சொன்னேன். "பாட்டி, பேரனை அப்புறம் பாக்கலாம், இந்த எழுத்தப் படிங்க" என்றார். நம் சின்னவள் எலிக்குட்டி முன்பல் விழுந்த மறுநாளே மேடையேறிப் பாடினாளாமே. பல் இல்லாமல் பாடுவது லேசா? நான் முயன்று பார்த்தேன், வெறும் காற்றுதான் வருகிறது.

போனில் நீ சொல்வது பாதி என் காதில் விழுவதில்லை. நீ அங்கே கத்தினால் பக்கத்து வீட்டார் மாமியார் மருமகள் சண்டை என்று நினைப்பார்கள். எழுதியே அனுப்பு.

பைன் கன்றுகள் நன்றாக இருக்கின்றன. முந்தின வருடம் கடைசி லீவில் வந்தபோது என் மகன் பையில் மண் நிரப்பி விதை போட்டானே, அவை இப்போது முழங்கால் உயரம். பெரிய பைன் மரத்தடி மண்ணைச் சாக்கில் சுமந்துவந்து கலந்தான். "இந்த மண்ணு கலக்கலேன்னா இதுங்க ஏறாதும்மா, தாய்ப்பால் மாதிரி" என்றான். வீட்டுக்குப் பின்னால் சரிவு மொட்டையாக இருப்பதால்தானே ஒவ்வொரு மழைக்கும் சேறு இறங்கிச் சமையலறை வாசல்வரை வருகிறது. அந்தச் சரிவுக்காகத்தான் இத்தனை பாடும்.

கீழ்த்தெருவில் நர்சரி வைத்திருக்கும் மீசைக்காரர் வந்து பார்த்தார். பார்த்ததும் ஒரு பையைத் தூக்கப் போனார். நான் போட்ட கூச்சலில் மீசையே ஆடிவிட்டது.

"என்னம்மா, இதுங்கள எடம் மாத்தவே இல்லியா? அப்பப்ப தூக்கித் தூக்கி வெக்கணும். இல்லேன்னா வேரு பைக்கு வெளிய பூமிக்குள்ள எறங்கிடும்."

"என் பையன் தன் கையால அடுக்கினது. ஒண்ணுகூட நகரக்கூடாது."

"அவரு இருந்திருந்தா அவருந்தாம்மா நகத்தியிருப்பாரு."

"நீ ஒன் தோட்டத்தப் பாரு."

அதற்குப் பிறகு யாரையும் கிட்ட விடுவதில்லை. களைகூட நானே இரண்டு விரலால் எடுக்கிறேன், பை அசையாமல்.

ஜூன் மழைக்கு நீயும் பிள்ளைகளும் வந்து நட வேண்டும். வேறு யார் நட்டாலும் அது சரியாக இருக்காது. நீ அவன் சட்டைகளை ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்காமல் மடித்து வைத்திருப்பதை இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா?" என்கிறார்கள். எனக்குத் தலை நிமிர்ந்துகொள்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை

*

ஏப்ரல் 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். பெரியவனுக்குச் செருப்பு மறுபடியும் சின்னதாகிவிட்டது. எலி பல்லைத் தலையணைக்கடியில் வைத்துத் தொலைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க அழுதாள். இப்போது பாட்டிக்கு அவளே எழுதுகிறாளாம், தனிக் காகிதத்தில். நான் படிக்கக் கூடாதாம்.

எனக்கு வேலை அப்படியே போகிறது. போன வாரம் ஒரு பெரியவருக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்தேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்னேன். படம் எடுத்தும் முடித்துவிட்டேன். "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டேன் அத்தை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். பாவம், சொன்ன பேச்சைத் தட்டாத மனுஷர், முகமெல்லாம் சிவந்து நிற்கிறார். மெஷின் பழுது பார்க்க வந்திருந்தவர்தான் ஓடிப்போய், "ஐயா, விடுங்க, விடுங்க" என்றார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வருத்தம் என்று ஒன்று இருந்தால்கூடத் தேவலை. எதுவும் இல்லை. துணி துவைக்கிறேன், டிபன் கட்டுகிறேன், பஸ்ஸில் ஏறுகிறேன்.

ஜூனில் வர முடியுமா என்று தெரியவில்லை. சட்டைகளைப் பற்றி எல்லோரிடமும் சொல்லாதீர்கள் அத்தை.

அன்புடன்,
உங்கள் மருமகள்

*

மே 3

அன்புள்ள மருமகளுக்கு,

சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். பெருமையை மூடிவைத்தால் புளித்துப்போகும். இருந்தாலும் நீ சொன்னதால் பால்காரரிடம் மட்டும் சொல்லாமல் விட்டேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

நீ எழுதியது எனக்குப் புரிகிறது. நேற்று கொதிக்கக் கொதிக்க டீயைக் குடித்திருக்கிறேன். நாக்கில் கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க இருக்கிறது. அவன் போனதற்கு இன்னும் நான் ஒழுங்காக அழவில்லை. உன் நாத்தனார், "கல்லு மாதிரி இருக்கியேம்மா" என்கிறாள். கல்லாக இருந்தால் உட்கார்ந்திருக்கலாம். நான் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. எலியின் காகிதத்தில், "மாமா எனக்கு சைக்கிள் சொல்லித் தந்தார், நான் இரண்டு தடவைதான் விழுந்தேன்" என்று இருக்கிறது. உன்கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லையே கண்ணு. எந்த மாமா?

உன் அத்தை

*

மே 16

அன்புள்ள அத்தைக்கு,

இதை எழுத உட்கார்ந்து பல நாளாகிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எலி சொல்கிற மாமா, எங்கள் ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுது பார்க்க வருகிறவர். அன்றைக்கு "விடுங்க" என்று சொன்னவர். அதிகம் பேச மாட்டார். மனைவியோடு சேர்ந்து வாழ முடியாமல் முறைப்படி பிரிந்து பல வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. முதலில் எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தார். பெரியவன் அவரிடம் கணக்கில் சந்தேகம் கேட்டான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தார்.

என்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால், அவர் வருகிற நாளில் சாப்பாடு ருசிக்கிறது. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் மகனை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எனக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. நீங்கள்தான். உங்களை விட்டுவிட்டு எனக்கு ஒன்றும் வேண்டாம். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் அத்தை, அதோடு விட்டுவிடுகிறேன். எதுவானாலும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

மே 27

மருமகளுக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம்.

வெயில் ஏறிவிட்டது. கன்றுகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். நிழல்வலையில் ஒரு கிழிசல் இருந்தது, தைத்துவிட்டேன். தபால் ஆபீசில் ஜன்னலுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நாக்கு ஆறிவிட்டது.

பிள்ளைகளை வெயிலில் விடாதே.

அத்தை

*

ஜூன் 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பெயின்ட் அடித்ததுவரை எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "சரி" என்றார். மெஷினை மூடிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக வரவில்லை. எலி வாசலில் சைக்கிளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள்மேல் கோபம் இல்லை. எதன்மேலும் எதுவும் இல்லை. ஜூனில் வரவில்லை, எனக்கு லீவு கிடைக்கவில்லை. கன்றுகளை யாரையாவது வைத்து நட்டுவிடுங்கள்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 26

என் கண்ணுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. முதல் மழைக்கே சேறு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டது. நீ வரப்போவதில்லை என்று ஆனபிறகு நானே நட்டுவிடலாமென்று மண்வெட்டியோடு போனேன். முதல் வரிசையில் முதல் பையைத் தூக்கினேன். வரவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தேன். பை வந்தது, கன்று வந்தது, வேர் வரவில்லை. கீழே பூமிக்குள் அறுந்து நின்றுவிட்டது. சுண்டுவிரல் தடிமன். அடுத்ததும் அப்படியே. அவன் வைத்த இடத்திலேயே எல்லாம் ஊன்றிக்கொண்டுவிட்டன.

மழையிலேயே போய் மீசைக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அவர்பாட்டுக்கு உட்கார்ந்து கத்தியால் ஒவ்வொரு பைக்கும் கீழே வேரை நறுக்கென்று வெட்டினார். கேட்கச் சகிக்கவில்லை. வெட்டியவற்றை நாங்கள் இரண்டு பேருமாகக் கூரைக்குக் கீழே தூக்கிவைத்தோம். வரிசை கலைந்துபோய்விட்டது.

"பொழைக்குமா?" என்றேன்.

"சிலது பொழைக்கும், சிலது போயிடும். இன்னும் கொஞ்ச நாள் நெழல்லயே இருக்கட்டும், அப்புறம் நடலாம். ஆனா பச்சையா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க. செத்தாலும் ரொம்ப நாளைக்கு இதுங்க பச்சையாத்தான் நிக்கும்."

"அப்ப எப்படித் தெரியும்?"

"தண்டுல நகத்தால லேசாக் கீறிப் பாருங்க. உள்ள ஈரமாப் பச்சை இருந்தா உசுரு இருக்கு."

ஒரு வாரம் நிழலில் வைத்திருந்துவிட்டு நேற்று எல்லாவற்றையும் கீறிப் பார்த்தேன். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் நிறையக் கன்று உள்ளே சருகு நிறம். அவற்றைத் தனியாக எடுத்துப் போட்டேன். என் கையாலேயே போட்டேன். மீதியை இன்று சரிவில் நட்டோம். மீசைக்காரர் குழி எடுத்தார், நான் பையைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். இடைவெளி அதிகமாகத்தான் இருக்கிறது. அவர் நர்சரியிலிருந்து கொஞ்சம் கன்று கொண்டுவருகிறேன் என்றார். கொண்டுவரட்டும். சேற்றைத் தடுக்க வேண்டும், அதற்கு யார் போட்ட விதையானால் என்ன.

இப்போது உன் விஷயம். அவரிடம் முடியாது என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். நான் ஒன்றுமே எழுதாததற்கு நீ ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டாய். சரியான அர்த்தம்தான், நான் உன்னைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கு அப்படி இல்லை. போய் அவரிடம் மறுபடி பேசு. பெண்பிள்ளை வலியப் போய்ப் பேசுவதா என்று யோசிக்காதே. அத்தை அனுப்பினாள் என்று சொல், பழி என்மேல் இருக்கட்டும். அதற்குள் அவர் மனது மாறியிருந்தால், அந்தத் துக்கத்தையும் எனக்கு எழுது. பெயின்ட் அடித்த கதையெல்லாம் எழுத மாட்டேன்.

சட்டைகளில் பெரியவனுக்கு ஆகிற ஒன்றிரண்டை எடுத்துவைத்துவிட்டு மற்றதைக் கொடுத்துவிடு. நல்ல துணி, யாராவது போடட்டும்.

மகன் போய் மருமகள் இன்னொருவருக்கு வாழ்க்கைப்பட்டால் அந்த மனுஷரை நான் என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உன் நாத்தனாரைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. "மாப்ள" என்று தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். வாய் கூசியது. பழகிக்கொள்ளலாம்.

என்னிடம் இருக்கும் படத்தில் எலி கைக்குழந்தை. அதைக் காட்டி இனி யாரிடம் பீற்றிக்கொள்வது? நல்லபடியாக முடிந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. நான்கு பேரும் நிற்க வேண்டும், அவரை ஓரமாக நிறுத்தாதே. படத்துக்குப் பின்னால் அவர் என்னென்ன மெஷின் பழுது பார்ப்பார் என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. கண் டாக்டரிடம் நான் தப்பில்லாமல் சொல்ல வேண்டும்.

உன் அத்தை